நேரம் முடிந்தது

எங்கள் பொது நூலகத்தில் வாரம் ஒரு மாலை சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்து பேசுவார். விருந்தினர் என்றதும் ஏதோ விருந்து நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கோப்பைத் தேநீர், தட்டில் இரண்டு பிஸ்கட், வழவழப்பான தாளில் சுற்றிய ஒரு பூச்செண்டு. அவ்வளவுதான். அதற்கே ஆட்கள் முண்டியடிக்கிறார்கள். எங்களிடம் புத்தகம் இரவல் வாங்கக் காத்திருப்பவர்களைவிட மைக்கைப் பிடிக்கக் காத்திருப்பவர்கள்தான் அதிகம்.

நான் அங்கே உதவி நூலகர். நாற்காலி போடுவது, மைக்கைச் சோதிப்பது, பேச்சாளரை அறிமுகம் செய்வது, கடைசியில் நன்றி சொல்வது எல்லாம் என் தலையில். தலைமை நூலகர் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவார். அந்த வேலையை அவர் நன்றாகவே செய்வார்.

இத்தனை வருடத்தில் எத்தனை பேரைப் பார்த்தாயிற்று! வெந்நீரின் நன்மைகளைப் பற்றிப் பேச வந்தவர் மருமகளின் குறைகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். தன்னம்பிக்கையைப் பற்றி முழங்க வந்தவர் மேடையேறுமுன் கை நடுங்கித் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். எளிமையாக வாழ்வது எப்படி என்று சொல்ல வந்த அம்மையாருக்குப் பூச்செண்டு சிறியதாகப் போய்விட்டதாம், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசிப்பின் அவசியம் பற்றிப் பேசிக் கண்கலங்கிய பெரிய மனிதர் ஒருவர், அன்றைக்கு எங்கள் அலமாரியிலிருந்து எடுத்துப்போன புத்தகத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்டால், "படிச்சிட்டிருக்கேன்" என்கிறார்.

கேட்க வருகிறவர்கள் மட்டும் என்ன, அவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஹாலில் ஏசி நன்றாக வேலை செய்கிறது என்பதற்காகவே வருகிற ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். பேச்சாளர் தொண்டையைச் செருமும்போதே தூங்கிவிடுவார். கைதட்டல் கேட்டால் விழித்து, தானும் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்வார். பின்னல் ஊசியும் நூலுமாக வருகிற அம்மா ஒருவர். எதற்கெடுத்தாலும் அழுவார். வெந்நீர்க் கூட்டத்திலேயே அழுதவர் அவர். அப்புறம் 'ஒரு சின்னக் கேள்வி'. எங்களுக்குள் அதுதான் அவருக்குப் பெயர். ஒரு சின்னக் கேள்வி என்று எழுந்து நின்று, தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லி முடித்து, கேள்வியே கேட்காமல் உட்கார்ந்துவிடுவார்.

எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டுவது அறிமுகக் குறிப்புதான். எங்கள் நூலகத்து வழக்கப்படி பேச்சாளரே தன்னைப் பற்றி எழுதித் தருவார், அதை நான் மைக்கில் படிக்க வேண்டும். 'பன்முகத் திறமையாளர்', 'பழகுவதற்கு இனியவர்', 'தன்னடக்கம் மிக்கவர்' என்றெல்லாம் அவரே எழுதிக் கொடுத்துவிட்டு, நான் படிக்கும்போது யாரோ யாரையோ சொல்வதுபோலத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நான் அதிக நேரம் எடுத்துக்கப் போறதில்ல" என்று ஆரம்பிக்காத பேச்சாளர் கிடையாது. அந்தப் பொய்க்கு மருந்தாகத்தான் என் துண்டுச்சீட்டு. அரைத்தாளில் பெரிய எழுத்தில் 'நேரம் முடிந்தது' என்று எழுதி வைத்திருப்பேன். முக்கால் மணி நேரம் ஆனதும் பக்கவாட்டில் நடந்துபோய் மேடை மேசைமேல் அதை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவேன். சிலர் கெஞ்சுகிற மாதிரி சிரிப்பார்கள். ஒருவர் சீட்டின்மேல் தண்ணீர்க் குவளையை வைத்து மறைத்துவிட்டுத் தொடர்ந்து பேசினார். மைக்கின் சுவிட்சு என் காலடியில் இருப்பது அவருக்குத் தெரியாது. நகரசபை உறுப்பினருக்கும் அதே சீட்டுதான், தலைமை நூலகரின் சம்பந்திக்கும் அதே சீட்டுதான். ஊரில் என்னைத் 'துண்டுச்சீட்டு' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, பெருமைதான்.

இந்த மேடைக்குத்தான் என் அண்ணன் வந்து சேர்ந்தான்.

அண்ணன் காப்பீட்டுக் கம்பெனியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன். ஓய்வுபெற்றதும் சிலர் தோட்டம் போடுவார்கள், சிலர் நாய் வளர்ப்பார்கள். இவன் பேச்சாளன் ஆகிவிட்டான். அதுவும் எதைப் பற்றி? பெற்றோரைப் பேணுவது பற்றி. அறிவிப்புப் பலகையில் ஒட்டத் தலைமை நூலகர் என்னிடம் தந்த தாளில் 'அம்மாவை ஏந்திய கைகள்' என்று தலைப்பு. கீழே அண்ணனின் படம்.

"இவர் என் கூடப் பொறந்த அண்ணன் சார்" என்றேன்.

"அட, சொல்லவே இல்லையே! நல்லாப் பேசுவாரா?"

"பேசுவார் சார். பேச மட்டும்தான் செய்வார்."

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

அம்மா இருப்பது என்னோடு. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனதிலிருந்து, காலையில் நான் தூக்கி உட்காரவைத்தால்தான் அவளுக்குப் பொழுது விடியும். பகலில் ஒரு தாதிப்பெண் வந்து பார்த்துக்கொள்வாள். மற்றதெல்லாம் நான். கல்யாணம் செய்துகொள்ளாததால் எனக்கு நேரம் நிறைய இருக்கிறது என்பது அண்ணனின் கண்டுபிடிப்பு.

அவன் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இல்லைதான். ஆனால் காரில் வந்தால் பாட்டு நாலு கேட்டு முடிப்பதற்குள் வந்துவிடலாம். எப்போதாவது வருவான். செருப்பைக் கழற்ற மாட்டான், அம்மாவின் தோளில் கைபோட்டு ஒரு படம் எடுப்பான். "டாக்டர் என்ன சொன்னார்?" என்று என்னிடம் கேட்டு, நான் சொல்ல வாயைத் திறக்கும்போது போன் வந்துவிட்டதாகச் சைகை காட்டிக்கொண்டே வெளியே போவான். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பியிருப்பான். கீழே 'அம்மாவுடன் ஒரு மாலைப் பொழுது' என்று எழுதியிருக்கும். அந்த மாலைப் பொழுது முடியும்போது அவன் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன தேநீர்கூட ஆறியிருக்காது.

கூட்டத்துக்கு முந்தின வாரம் போன் செய்தான்.

"பாப்பா, ஒரு யோசனை. அம்மாவ மேடையில எம்பக்கத்துலயே உக்கார வெச்சுப் பேசினா எப்படி இருக்கும்! ஜனங்க அப்படியே உருகிடுவாங்க."

எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இன்னும் அவனுக்குப் பாப்பா.

"அவங்க உருகறதுக்கு எங்கம்மாதான் கெடச்சாளா?"

"உங்கம்மாவா? எனக்கும் அம்மாதான்."

"ஓ, ஞாபகம் இருக்கா?"

"ஆரம்பிச்சிட்டியா! இதுக்குத்தான் உங்கிட்டப் பேசவே பயமா இருக்கு. இன்னொண்ணு, நீ என் தங்கச்சின்னு மேடையில சொல்ல வேணாம். தங்கச்சி சிபாரிசுல வந்திருக்கான்னு நெனச்சிருவாங்க."

தங்கச்சி ஒருத்தி இருப்பது தெரிந்தால் அம்மாவை ஏந்திய கைகள் யாருடையவை என்று எவனாவது யோசித்துவிடுவான். அதுதான் பயம். எனக்குப் புரியாதா? முடியாது, அம்மா எங்கும் வர மாட்டாள் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

"நான் போறேன்" என்றது அம்மாவின் குரல்.

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காது மந்தம், ஆனால் மிஷின் மாட்டியிருந்தால் அடுத்த அறையில் ஊசி விழுந்தாலும் கேட்கும். பக்கவாதத்தில் போன பேச்சு திரும்பி வந்தபிறகும் வார்த்தை மெதுவாகத்தான் வரும். ஆனால் சொன்னால் சொன்னதுதான். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவள் அவள். சாட்சிக் கூண்டில் நின்று ஊரார் சொன்ன பொய்யையெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்துக் கொடுத்த கை அது.

"எதுக்கும்மா? உன்னக் காட்டி அவன் கைதட்டு வாங்கவா?"

"போகணும்."

"உக்கார முடியாதும்மா அவ்வளவு நேரம்."

"போகணும்னு சொல்றேன்ல."

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து பார்த்தேன். அவள் அசையவில்லை. மூன்றாவது நாள் எனக்கே ஒரு எண்ணம் வந்தது. நல்ல எண்ணம் இல்லை, ஆனால் வந்தது. வரட்டுமே! மேடையில் அவன் அளக்கப்போகும் அத்தனையும் இவள் காதில் விழட்டுமே! நான் இத்தனை வருடமாக அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்கூட, "விடு, அவனுக்கு வேலை இருக்கும்" என்று அடைத்துவிடுகிற வாய் அது. அவன் வாயாலேயே கேட்டால் தெரியும். யார் ஊட்டினார்கள், யார் துடைத்தார்கள், யார் பக்கத்தில் படுத்தார்கள் என்று அவளுக்குத்தானே தெரியும்? என் பெயரை ஊருக்கு முன்னால் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தரம், "அவன் பொய் சொல்றான்டி, நீதான்டி எல்லாம்" என்று சொன்னால் போதும். எனக்கு அது வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அவளைக் கூட்டிப்போகச் சம்மதித்தேன்.

அன்று மாலை அவளுக்குச் சாம்பல் நிறக் கவுனும் பை வைத்த கம்பளிச் சட்டையும் போட்டுவிட்டு, காது மிஷினுக்குப் புது பேட்டரி மாற்றி நானே மாட்டினேன். ஒரு வார்த்தைகூடத் தப்பிவிடக் கூடாது என்று சத்தத்தையும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

ஹால் நிரம்பியிருந்தது. அண்ணி முதல் வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படமெடுக்கத் தயாராக நின்றாள். அண்ணன் புதுக் கோட்டில் வந்து, மேடையின் சரிவுப் பலகையில் அம்மாவின் நாற்காலியைத் தானே தள்ளினான். சக்கரத்தின் தடைக்கட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதோடு சேர்த்துத் தள்ளினான். நான் போய்க் காலால் கட்டையை எடுத்துவிட்டேன். கூட்டத்தைப் பார்த்தாற்போல் நாற்காலியை நிறுத்தி, விளக்கு வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிறதா என்று அண்ணியிடம் கேட்டுச் சரிசெய்துகொண்டான்.

நான் குறிப்பைப் படித்தேன். "பெற்ற தாயைக் கண்ணின் மணியாகக் காத்துவருபவர். இரவு பகல் பாராத சேவையே இவரது வாழ்க்கை." இதை நானே, என் வாயாலேயே படித்தேன். அவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"நான் அதிக நேரம் எடுத்துக்கப் போறதில்ல" என்று ஆரம்பித்தான்.

அம்மாவின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டான். அந்தக் கையில் உணர்ச்சி கிடையாது. அது அவனுக்குத் தெரியாது. "இந்தக் கையோட சூடு எனக்குத் தெரியும், என் கையோட சூடு அம்மாவுக்குத் தெரியும்" என்றான். பின்னல் அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார்.

அப்புறம் மடை திறந்தது. காலையில் அம்மாவுக்குப் பல் தேய்த்துவிடுவது அவனாம். ஒவ்வொரு வாய் உணவும் அவன் ஊட்டினால்தான் இறங்குமாம். இரவில் அவள் இருமினால், இருமலின் சத்தத்தை வைத்தே தண்ணீர் வேண்டுமா மருந்து வேண்டுமா என்று கண்டுபிடித்துவிடுவானாம். என்ன ஒரு கூச்சமில்லாத வாய்! அதில் இருமல் விஷயம் உண்மை, நான்தான் ஒருநாள் அண்ணியிடம் சொன்னேன். என் இரவுகளைத் திருடி மைக்கில் விற்றுக்கொண்டிருந்தான்.

நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரவில்லை, கூச்சம் வரவில்லை. கழுத்தைச் சாய்த்து அவனைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள். கேட்கிறதா இல்லையா? புது பேட்டரி ஆயிற்றே!

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக், டக், டக்.

அது எங்கள் வீட்டுச் சத்தம். நாலுபேருக்கு முன்னால் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல அம்மாவுக்கு வெட்கம். அதனால் இடது கை மோதிரத்தால் நாற்காலியின் கைப்பிடியில் தட்டுவாள். வந்தவர்களிடம் மருந்து நேரம் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே தள்ளிப்போவேன். தாதிப்பெண்ணுக்கும் தெரியும். அந்தச் சத்தம் வரும்வரை எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் அது தெரியும். அண்ணன் உட்கார்ந்ததில்லை.

அவன் பேச்சை நிறுத்தினான். முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! அம்மாவால பேச முடியல. ஆனா எம்பேச்சுக்குத் தாளம் போடறாங்க. இதுதாங்க ஆசீர்வாதம்!"

கூட்டம் தட்டியது. தபால்காரர் விழித்து அவரும் தட்டினார். அம்மா இன்னும் வேகமாகத் தட்டினாள். அண்ணன் கையை உயர்த்தி, "அம்மாவோட சேர்ந்து எல்லாரும் தட்டுங்க" என்றான். ஹால் முழுதும் டக், டக், டக் என்று அதே தாளத்தில் கைதட்டியது. அண்ணி படமெடுத்தாள். தலைமை நூலகர் தலையாட்டினார்.

நான் உடனே எழுந்திருக்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும், அம்மாவை ஏந்திய கைகளின் லட்சணம் மேடையிலேயே ஒழுகி ஊருக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அவன் புதுக் கோட்டு, அண்ணியின் போன், அந்தக் கைதட்டல் எல்லாம் ஒரே நொடியில் நாறிப்போகும். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும். அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து ஓடினேன்.

கட்டையை எடுத்து, நாற்காலியைத் திருப்பி, சரிவில் பின்புறமாக இறக்கினேன். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மைக்கை வைத்திருப்பவனுக்குப் புரிய வேண்டும் என்று கட்டாயமா என்ன? "நூலக ஊழியர் ஒருத்தர் அம்மாவுக்குக் காத்தோட்டமா இருக்கட்டும்னு கூட்டிட்டுப் போறாங்க. அவங்களுக்கு நம்ம நன்றி" என்றான். அதற்கும் கைதட்டினார்கள்.

ஊழியர்கள் கழிப்பறை தாழ்வாரத்தின் கோடியில் இருக்கிறது. நல்லவேளை, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். அவளைத் தூக்கி உட்காரவைக்கும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு அல்ல, எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆத்திரத்தில்.

"கேட்டியா? கேட்டியாம்மா? அவன்தான் உனக்குப் பல்லு தேச்சு விடறானாம்! இருமினா எந்திரிச்சு வர்றானாம்! நான் யாரோ நூலக ஊழியராம்!"

அம்மா பதில் சொல்லவில்லை. தாழ்வாரத்தில் ஸ்பீக்கர் வழியாக அண்ணனின் குரல் வந்துகொண்டிருந்தது. நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன். அவள் சுவரில் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் காதைக் கவனித்தேன். மிஷின் இல்லை.

எங்கே விழுந்ததோ! நாற்காலி மெத்தையைத் தடவினேன், தரையைப் பார்த்தேன். அம்மா என் கையைத் தட்டி, கம்பளிச் சட்டையின் பையைக் காட்டினாள். உள்ளே பத்திரமாக இருந்தது. எடுத்து மாட்டினேன்.

"எப்பக் கழட்டின?"

"நீ அந்தக் காயிதத்தப் படிக்க எழுந்தியே, அப்பவே."

"ஒண்ணுமே கேக்கலையா?"

"ம்ஹூம்."

புது பேட்டரி போட்ட நான் தலையை எதில் கொண்டுபோய் முட்டிக்கொள்வது? "அவன் என்னெல்லாம் சொன்னான் தெரியுமா? சொல்றேன் கேளு. எல்லாம் பொய்..."

"வேணாம். கோர்ட்டுல கேட்டதே போதும்டி எனக்கு" என்றாள். மெதுவாக, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி. "பொய் சொல்றவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் எதுக்கு வரணும்னு ஒத்தக்கால்ல நின்ன?"

"மூஞ்சியப் பாக்கத்தான்."

நான் குழாயைத் திறந்து துணியை நனைத்தேன்.

"வீட்டுக்கு வந்தா நிக்கிறானா? வர்றான், போட்டோ எடுக்கறான், ஓடிப்போயிடறான். நீதானே சொல்லுவ, எப்பேர்ப்பட்டவனா இருந்தாலும் முக்கா மணி நேரம் அந்த மேடையில கட்டிப்போட்டாப்ல நிப்பான்னு. அதான் வந்தேன். ஆற அமரப் பாத்து எவ்வளவு நாளாச்சு!" மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "ஆனா சரியாத் தெரியல. என்னக் கூட்டத்தப் பாத்து வெச்சுட்டான். கழுத்து வலிக்குது."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன். தினமும் காலையில் கண்விழித்ததும் அவள் பார்க்கிற முகம் என்னுடையது. அதை ஒருநாளாவது இப்படி ஏங்கிப் பார்த்திருப்பாளா? எனக்கு வேண்டியிருந்த அந்த ஒரு வார்த்தை வரவில்லை. இனி வரவும் வராது என்று தெரிந்துவிட்டது. ஈரத்துணியால் அவளைத் துடைத்து, உடையைச் சரிசெய்து, தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். என் கழுத்தைச் சுற்றியிருந்த அவள் இடது கை கொஞ்ச நேரம் விலகாமல் அங்கேயே இருந்தது.

"இன்னும் பேசுவானா?" என்று கேட்டாள்.

"பேசுவான்."

"அப்பக் கூட்டிட்டுப் போ."

திரும்பவும் சரிவில் ஏற்றினேன். அவன் காட்டிய இடத்தில் நிறுத்தவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம், அவனுக்கு நேர் எதிரே, கூட்டத்துக்கு முதுகு காட்டி நாற்காலியை வைத்துக் கட்டையைப் போட்டேன். அண்ணி முதல் வரிசையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"ஏய், அத்தைய ஏன் திருப்பி வெக்கிற? படத்துல மூஞ்சி விழல!"

"விழ வேண்டிய பக்கம் விழுது அண்ணி."

அம்மா காதிலிருந்து மிஷினைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அவன் ஒரு இடத்தில் தடுமாறினான். "ராத்திரி நான் அம்மா பக்கத்துல..." என்று சொல்லிக்கொண்டு வந்தவன் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்தான். உடனே பார்வையை அவள் தலைக்கு மேலே தூக்கிக் கடைசி வரிசையில் நட்டுக்கொண்டு விட்ட இடத்தில் பிடித்துவிட்டான். அவனைத் திருத்த அம்மாவின் கண் போதாது, எதுவும் போதாது.

முக்கால் மணி நேரம் ஆனது. வாராவாரம் வருகிறவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். சொந்த அண்ணனுக்கும் சீட்டு உண்டா என்று பார்க்கத் தலைமை நூலகரும் திரும்பினார். ஒரு கையில் துண்டுச்சீட்டு, இன்னொரு கையில் காது மிஷின். நான் எழுந்தேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "முடிவாக ஒண்ணு சொல்லிக்கறேன்" என்று அவசரமாக முடிக்கப் போனான். இவ்வளவு நாளாக நான் இப்படியொரு ஆளுக்குத்தான் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அந்தச் சீட்டுக்கு இவனைவிடத் தகுந்தவன் அந்த மேடையில் ஏறியதே கிடையாது.

அம்மாவைப் பார்த்தேன். அவள் இமைக்கவில்லை.

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பேசு என்று அண்ணனுக்குக் கையைக் காட்டினேன். ஹாலில் ஒரு சலசலப்பு. அவன் முகத்தில் வந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே! துண்டுச்சீட்டே மயங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொள்ளட்டும். மறுபடி ஆரம்பித்தான். சொன்னதையே சொன்னான், புதிதாகவும் அளந்தான், பாடக்கூடப் பாடினான். பின்னல் அம்மாவுக்கு அழுகை தீர்ந்துபோய் ஊசியை எடுத்துக்கொண்டார். ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். 'ஒரு சின்னக் கேள்வி'கூடக் கேள்வி கேட்காமல் போய்விட்டார். தலைமை நூலகர் கடிகாரத்தைக் காட்டினார், நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன். அவனாக நா வறண்டு நிறுத்தும்வரை யாரும் நிறுத்தவில்லை.

நான் சொல்லும் நன்றியைக் கேட்க ஆளில்லை. அண்ணன் பூச்செண்டோடு இறங்கி வந்தான்.

"என்ன பாப்பா, சீட்டே குடுக்கல? அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

"அம்மாவக் கேளு."

அவன் நாற்காலியின் முன்னால் குனிந்தான். அண்ணி போனைத் தூக்கினாள். "எப்படிம்மா பேசினேன்?" என்று அவள் காதருகே கேட்டான். மிஷின் என் கையில் இருந்தது.

அம்மா இடது கையைத் தூக்கி அவன் உச்சந்தலையைத் தடவினாள்.

"முடியெல்லாம் கொட்டிப்போச்சேடா உனக்கு" என்றாள்.

அண்ணன் சிரித்து, கையை விலக்கி, தலையைச் சரிசெய்துகொண்டான். போன் வந்துவிட்டதாகச் சைகை காட்டிக்கொண்டே வாசல் பக்கம் போனான். நான் நாற்காலியின் கட்டையை எடுத்தேன்.